ஒரு கசெற் பெட்டி, மூன்று ஃபோர்மட்: இணுவில் வீடொன்றில் எது தப்பியது

2003க்கும் 2005க்கும் இடையில் யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு வீட்டின் கசெற் பெட்டி மூன்று பங்காகப் பிரிந்து மூன்று வழியில் டிஜிட்டலுக்குப் போனது. ஒரு பங்கு மினிடிஸ்க்கில் ஏறியது. ஒரு பங்கு சூட்கேசில் கனடாவுக்குப் போய் ஹாட் டிஸ்க் பிளேயர் ஒன்றுக்குள் புகுந்தது. மிச்சம் யாழ்ப்பாண ரவுணில் ஒரு பாட்டுக் கடையில் எம்பி3 சீடியானது. யாரும் திட்டம் போட்டு நடத்திய பரிசோதனை இல்லை. சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதி திறந்ததும் வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் இருபது வருசம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது இதைவிட நல்ல பரிசோதனையை யாராவது யோசித்துச் செய்திருக்க முடியுமா என்று தெரியவில்லை: ஒரே வீடு, ஒரே ஆள் பதிந்த கசெற்றுகள், ஒரே காலம், மூன்று ஃபோர்மட். முடிவு மூன்றும் மூன்று மாதிரி.

வீடு என் தாய்மாமன் வீடு. மாமா தொழில்முறைக் கலைஞர் இல்லை, கேட்பவர். கோயில் திருவிழாவில் மேளச்சமா (நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த கச்சேரி) என்றால் ரேப் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்குக் கிட்ட நிலத்தில் வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிற ஆள். இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வர தவில் கலைஞர்களுக்குப் பேர்போன இடங்கள், 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் பெரியவர்கள் எழும்ப மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் ஒருவர் பதிந்து வைத்த கசெற்றுகள் என்றால் அதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெட்டியில் மேளச்சமா மட்டும் இல்லை. கலியாண வீடுகள், வானொலியிலிருந்து பிடித்த பாட்டுகள், ஜேர்மனிக்குப் போன தம்பி கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெற்றுகள் எல்லாம் கலந்து கிடந்தன. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது பெட்டியும் தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்தது.

பாட்டுப் பெட்டிகள் வந்தபோது மாமா முதலில் கேட்ட கேள்வி சத்தத்தைப் பற்றியது இல்லை. "உது எந்தப் பற்றரி?" என்றார். வெளியூர் ஆட்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். 1990இல் போன கரண்ட் வருசக்கணக்கில் வராமல், பற்றரியும் தடைப்பொருளாகி, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுத்தி டைனமோவில் செய்தி கேட்ட ஊர் இது. அந்தக் காலத்தைக் கண்ட ஒருவருக்கு எந்தப் பெட்டியும் முதலில் ஒரு பற்றரிப் பிரச்சினைதான். பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது: "மருமோன், எதிலை ஏத்தினா நான் போன பிறகும் இது கிடக்கும்?" அந்தக் காலத்தில் நான் திருநெல்வேலிப் பக்கம் கொம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தேன், அதனால் வீட்டில் இந்த விசயத்துக்கு நான்தான் பொறுப்பு.

கம்பனிகளின் சண்டையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஏன் ஒரே வீட்டுக்கு மூன்று விதமான சாமான் வந்தது என்பது விளங்காது.

1992இல் கசெற்றின் இடத்தைப் பிடிக்க இரண்டு பேர் வந்தார்கள். கசெற்றை 1963இல் அறிமுகப்படுத்திய பிலிப்ஸ், பழைய கசெற்றையும் வாசிக்கக்கூடிய டிஜிட்டல் கசெற் ஒன்றைக் கொண்டுவந்தது. 1996இல் அதைக் கைவிட்டது. சொனி மினிடிஸ்க்கைக் கொண்டுவந்தது. 6.4 சென்ரிமீற்றர் தட்டு, அதைச் சுற்றிப் பிளாஸ்ரிக் உறை, லேசர் ஒரு புள்ளியைச் சூடாக்க மறுபக்கத்தில் காந்தத் தலை எழுதும். ஒலியைச் சுருக்க சொனியின் சொந்த முறையான அட்ராக். யப்பானில் நன்றாக ஓடியது. இங்கிலாந்திலும் ஓரளவு ஓடியது, அதனால்தான் லண்டனில் இருந்த மூத்த மச்சான் கையில் அது இருந்தது.

எம்பி3 கடைச் சாமானாகப் பிறக்கவே இல்லை. ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்து ஆட்களின் பங்கோடு உருவாகி, எம்பெக் என்ற சர்வதேச ஒலி, காணொளிச் சுருக்கத் தரத்தின் ஒரு பகுதியாக வெளியானது. கோப்புக்கு அந்தப் பெயரின் வால் ஒட்டியதே 1995இல். 1998இல் 32 மெகாபைற் நினைவகத்தோடு கொரியாவிலிருந்து எம்பிமான், அமெரிக்காவில் ரியோ என்று சின்னப் பிளேயர்கள் வந்தன. ரியோ மேல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது, 1999இல் மேல்நீதிமன்றம் ரியோ பக்கம் தீர்த்தது. 2001 ஒக்ரோபரில் 5 கிகாபைற் ஹாட் டிஸ்க்கோடு ஐபொட் வந்தது. மைக்ரோசொஃப்ட் தன் சொந்த ஒலி ஃபோர்மட்டான டபிள்யூஎம்ஏயைத் தள்ளிக்கொண்டிருந்தது. சொனியின் கதைதான் கவலை. வோக்மன் விற்ற அதே கம்பனி 1988இல் சிபிஎஸ் ரெக்கோட்ஸ் இசைக் கம்பனியையும் வாங்கியிருந்தது. பிளேயர் விற்கிற கை பாட்டு விற்கிற கைக்குப் பயந்து நடந்தது. 2004 கடைசி வரைக்கும் சொனியின் டிஜிட்டல் வோக்மன்கள் எம்பி3யை நேரே வாசிக்கவில்லை, அட்ராக்காக மாற்றித்தான் ஏற்றவேண்டும். என் அபிப்பிராயத்தில் அந்தச் சந்தையை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, இணுவிலுக்கு வருவோம்.

முதல் பங்கு: மினிடிஸ்க்

லண்டன் மச்சான் 2003இல் வந்தபோது கையடக்க மினிடிஸ்க் றெக்கோடரும் வெற்றுத் தட்டுகளும் கொண்டுவந்தார். மாமாவின் ரேப் டெக்கிலிருந்து ஒரு வயர், நேரே பதிவு, கொம்பியூட்டரே தேவையில்லை. மாமாவுக்கு இது பிடித்துப்போயிற்று, ஏனென்றால் வேலை செய்கிற முறை கசெற் மாதிரியே இருந்தது, ஆனால் பின்னால் போய் விட்ட இடத்தைத் தேட வேண்டியதில்லை.

சிக்கல் பதிகிற நேரத்திலேயே தொடங்கியது. சாதாரணத் தரத்தில் ஒரு தட்டில் 74 அல்லது 80 நிமிடம்தான் அடங்கும். மாமாவின் கசெற்றுகள் பெரும்பாலும் சி-90, இரண்டு பக்கமும் சேர்த்து 90 நிமிடம். அதனால் ஒரு கசெற்றின் இரண்டு பக்கமும் ஒரு தட்டில் கொள்ளாது. நீண்ட நேரப் பதிவில் போட்டால் இரண்டு மடங்கு அடங்கும், ஆனால் விநாடிக்கு 292 கிலோபிட் இருந்த இடத்தில் 132தான் இருக்கும். மச்சான் பிடிவாதமாக நல்ல தரத்திலேயே பதிந்தார், தட்டுக்கு ஒரு பக்கம் என்று. தட்டு கெதியாக முடிந்துபோனது, அதனால்தான் இந்தப் பங்கு மூன்றிலும் சிறியது.

இரண்டாவது சிக்கலை இங்கிலாந்தில் இருக்கிறவர் அனுபவித்தே இருக்க மாட்டார். மினிடிஸ்க், பதிந்துகொண்டே இருக்கும்போது எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத் தட்டில் எழுதாது. நிறுத்துகிற பொத்தானை அமத்திய பிறகுதான் எழுதும். அதற்கு முன் மின்சாரம் நின்றால் பதிந்தது எல்லாம் தட்டில் இருந்தும் இல்லாத மாதிரி. றெக்கோடர் அடப்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே பற்றரி இல்லை, நாற்பதாவது நிமிடம் கரண்ட் போகிறது என்று வையுங்கள்: நாற்பது நிமிடமும் போச்சு. கசெற்றாக இருந்தால் கரண்ட் போன இடம் வரைக்கும் பத்திரமாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் இது ஒரு நாள் நடக்காமல் இருக்குமா, நடந்தது. பிறகு அடப்டரோடு பற்றரியும் போட்டுத்தான் பதிந்தார்கள்.

ஆனால் சத்தம்! மூன்று வழியிலும் மினிடிஸ்க்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தவில் தனி வரும் இடங்களில் கழியடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

மச்சான் திரும்பிப் போகும்போது றெக்கோடரையும் கொண்டுபோய்விட்டார், தட்டுகள் வீட்டில். யாழ்ப்பாணத்தில் மினிடிஸ்க் பிளேயர் தேடுவது என்பது பனங்காட்டில் அப்பிள் தேடுகிற வேலை. அந்தத் தலைமுறை றெக்கோடர்களில் தட்டிலிருந்து கொம்பியூட்டருக்குக் கோப்பாக எடுக்க வழியும் இல்லை. 2001க்குப் பிறகு வந்த நெற் எம்டி பெட்டிகளில் யூஎஸ்பி இருந்தது, ஆனால் அது ஒருவழிப்பாதை: கொம்பியூட்டரிலிருந்து தட்டுக்குப் பாட்டு போகும், நீங்கள் மைக்கில் பதிந்த உங்கள் சொந்தக் குரல்கூடத் திரும்பி வராது. பழைய தட்டுகளை யூஎஸ்பியில் திருப்பி எடுக்க சொனி 2006இல்தான் ஒரு பெட்டி விட்டது. அதற்குள் எல்லாரும் வேறு எங்கோ போய்விட்டார்கள். மினிடிஸ்க் வோக்மன் 2011இல் நின்றது, பதிகிற வெற்றுத் தட்டு 2025 பெப்ரவரி வரைக்கும் தயாரித்தார்கள் என்பது எனக்கே ஆச்சரியம்.

தட்டுகள் கெடவில்லை. சூட்டுக்கும் கடல் காற்றுக்கும் அந்த உறைக்குள் அப்படியே இருந்தன. பல வருசம் கழித்து மச்சான் அவற்றை லண்டனுக்கு எடுப்பித்து, பழைய டெக் ஒன்றில் போட்டு, ஹெட்போன் துளையிலிருந்து வயர் இழுத்து ஓடுகிற நேரத்துக்கு ஓடவிட்டுக் கொம்பியூட்டரில் பதிந்தார். அதாவது கசெற்றை டிஜிட்டலாக்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் மறுபடியும். இப்போது ஆர்வலர்கள் எழுதிய மென்பொருளால் சில நெற் எம்டி பெட்டிகளிலிருந்து அட்ராக் கோப்பையே நேரே உருவ முடிகிறது, அந்த வழி இருக்கிறவர்கள் அதைத்தான் பாவிக்கவேண்டும்.

இரண்டாம் பங்கு: கனடாப் பெட்டி

மச்சாள் முறையான ஒருத்தி, மாமாவின் கடைசி மகள், 2004 கோடையில் பிள்ளைகளோடு வந்தாள். அவளிடம் ஹாட் டிஸ்க் பிளேயர், ஆயிரக்கணக்கில் பாட்டு கொள்ளும் என்றாள். கம்பனிப் பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் இப்படித் தன் சொந்த மென்பொருளோடு மட்டும் பேசுகிற பிளேயர் ஒன்றுக்கு மேல் இருந்தது. "அப்பா, அங்கை நல்ல மெஷின் இருக்கு, நான் கொண்டுபோய் ஏத்திக்கொண்டு வாறன்" என்று மேளச்சமாக் கசெற்றுகளில் பெரும் பகுதியை அவள் கொண்டுபோனாள். அடுத்த வருசம் தெரிந்த ஒருவரிடம் பிளேயரையே நிரப்பி மாமாவுக்கு அனுப்பிவிட்டாள்.

மாமா அதைப் பற்றரி இருக்கும் வரைக்கும் கேட்டார். உள்ளே ஒட்டிவைத்த லிதியம் பற்றரி, கழற்ற முடியாது. சார்ஜ் ஏற கொம்பியூட்டர் அல்லது அதற்கான அடப்டர் வேணும். 2006 ஓகஸ்ற்றில் ஏ9 மூடியது. சாமான் எல்லாம் கப்பலில், கப்பல் வந்தால்தான் அரிசி என்ற காலத்தில் பிளேயர் பற்றரிக்கு யாரிடம் போவது? பெட்டி அலுமாரியில் ஏறியது.

இந்தப் பங்கைத்தான் நான் அதிகம் யோசித்தேன், ஏனென்றால் இங்கே கோப்பின் ஃபோர்மட் குற்றவாளியே இல்லை. அவள் ஏற்றியது ஏஏசி (எம்பி3க்குப் பிறகு வந்த சுருக்கும் முறை), 128 கிலோபிட். அதே அளவு எம்பி3யைவிட ஏஏசி நன்றாகவே இருக்கும், இன்றைக்கு எந்தப் போனிலும் திறக்கும். குற்றம் சுற்றிக் கட்டிய கூட்டில் இருந்தது. பிளேயரைக் கழற்றி, உள்ளே இருந்த 1.8 அங்குல ஹாட் டிஸ்க்கை அடப்டர் வைத்துப் படித்தபோது கோப்புகள் அவ்வளவும் இருந்தன, மறைத்து வைத்த போல்டர்களுக்குள், நாலெழுத்துப் பெயர்களோடு. பெயரைப் பார்த்தால் எந்தக் கோயில், எந்த வருசம் என்று ஒன்றும் தெரியாது. கடையில் வாங்கிய சீடியிலிருந்து ஏற்றிய பாட்டென்றால் கோப்புக்குள்ளேயே தலைப்பு இருக்கும், காப்பாற்றிவிடலாம். இவை கசெற்றிலிருந்து வந்தவை. உள்ளே "ட்ராக் 01" மட்டும்தான். எந்தத் திருவிழா என்ற விபரத்தை அவள் ஒரு கொப்பியில் எழுதியிருந்தாள், அந்தக் கொப்பி ரொறன்ரோவில் வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

மாமா அதற்கிடையில் காலமாகிவிட்டார். மாமிதான் இப்போது கேட்டுச் சொல்கிறா. அறிவிப்பாளரின் குரல், பின்னால் கேட்கிற மணி, ஒரு இடத்தில் மாமாவின் இருமல். "இது எங்கடை கோயில் இல்லை, மணி வேறை" என்பா. அப்படித்தான் பெயர் ஏறுகிறது.

நல்ல காலம், மூலக் கசெற்றுகள் ரொறன்ரோவில் நிலக்கீழ் அறையில் காய்ந்த இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. இங்கே இருந்தவற்றில் சிலது பூஞ்சணம் பிடித்தது, சிலதில் ரேப்பை அமத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு கழன்று விழுந்துவிட்டது. பஞ்சு கழன்றால் கசெற் செத்ததென்று எறியவேண்டாம், உறையை மாற்றினால் ஓடும்.

மூன்றாம் பங்கு: கஸ்தூரியார் வீதிப் பக்கத்துச் சீடி

மிச்சத்தை நான் ரவுணுக்கு, தெரிந்த பாட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணை வேலைகாரன். கசெற்றைப் போட்டு, தலைக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டித் திருகாணியைத் திருகிக்கொண்டே ஹெட்போனில் கேட்பார். தாளத்தின் ஒலி கூர்மையாக வந்ததும் நிறுத்துவார். பதிந்த ரேப் றெக்கோடரின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வுக்கு வாசிக்கிற தலை வந்தால்தான் மேல்ஒலி வரும். இந்த ஒரு திருகாணி, அட்ராக்கா ஏஏசியா எம்பி3யா என்ற சண்டையைவிடப் பெரிய வித்தியாசம் செய்கிறது. இதைச் சொன்னால் ஃபோர்மட் ஆட்களுக்குக் கோபம் வரும், ஆனால் ஆதாரம் என்னிடம் இருக்கிறது: கடை அண்ணையின் 128 கிலோபிட் எம்பி3யில் கைத்தாளம் கேட்கிறது, கனடாவில் நல்ல மெஷினில் திருகாணி தொடாமல் ஏற்றிய ஏஏசியில் அது கம்பளிக்குள் கிடக்கிறது.

ஏன் 128? ஒரு சீடியில் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கொள்ளும். சீடியின் மூல ஒலி விநாடிக்கு 1411 கிலோபிட், அதில் பதினொன்றில் ஒரு பங்கு. அந்த நேரம் வந்த 128 மெகாபைற் குட்டிப் பிளேயர்களில் இரண்டு மணித்தியாலம் சொச்சம் அடங்கும். கடைகளில் அதுதான் நடைமுறை.

மாமா மினிடிஸ்க்கையும் இதையும் மாறி மாறிக் கேட்டார். தவில் தனி வந்த இடத்தில் நெற்றியைச் சுருக்கி, "கை விழ முன்னம் ஏதோ தூசி பறக்குது" என்றார்.

அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குகிறது. ஒரு துண்டின் சாளரம், அதாவது ஒரே தடவையில் பார்க்கிற நீளம், 1152 மாதிரிகள், சீடி வேகத்தில் 26 மில்லிசெக்கன். சுருக்கும்போது வருகிற பிழை அந்தச் சாளரம் முழுக்கப் பரவும். நாதஸ்வரம் இழுத்து ஊதுகிற இடத்தில் இது பிரச்சினையே இல்லை, பெரிய ஒலி சின்னப் பிழையை மூடிவிடும். தவில் அப்படி இல்லை. அமைதி, அமைதி, திடீரென்று கூடு போட்ட விரல்கள் தோலில் விழுகின்றன. அடி சாளரத்தின் நடுவில் விழுந்தால், அடிக்கு முந்தின அமைதியிலும் பிழை கொட்டிக் கிடக்கும். அடிக்குப் பிறகு வருகிற குப்பையைக் காது நூறு மில்லிசெக்கன் அளவுக்குக்கூடப் பொருட்படுத்தாது. அடிக்கு முந்தி வருவதைச் சில மில்லிசெக்கன்தான் மன்னிக்கும். இதற்கு மருந்து எம்பி3க்குள்ளேயே இருக்கிறது, திடீர் அடி வருகிற இடத்தில் சாளரத்தை மூன்றாக வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்தில் வேகத்துக்காக எழுதிய சில என்கோடர்கள் (சுருக்குகிற மென்பொருள்கள்) இந்த வேலையைச் செய்யாமலே விட்டன, கடைக்கு வேகம்தான் வேணும். அதோடு கசெற்றின் இரைச்சல் வேறு: இரைச்சலைச் சுருக்குவதுதான் இருப்பதிலேயே கஷ்டம், இருக்கிற பிட்டுகளை அது தின்றுவிட மேளத்துக்கு மிச்சம்தான் கிடைக்கும். அதே கசெற்றை இன்றைக்கு லேம் என்கோடரில் 192க்கு மேல் போட்டால் மாமா தூசி என்றது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

ஆகவே மூன்றிலும் மோசமான சத்தம் இந்தப் பங்குக்குத்தான். இன்றைக்கு முழுக்க, ஒன்றுகூட விடாமல், பெயர் விபரத்தோடு நம்மிடம் இருப்பதும் இந்தப் பங்குதான்.

எப்படி? கடை அண்ணை அடித்துத் தந்த சீடி எப்போதோ கெட்டுப்போய்விட்டது, மேல் பூச்சு உரிந்து வெளிச்சம் தெரிகிறது. ஆனால் அது கெட முதலே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கொப்பி எடுத்திருந்தார். பிரான்சிலிருந்து வந்த ஒருவர் தன் லப்ரொப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். மருதனார்மடத்தால் ஓடுகிற ஒரு மினிபஸ்ஸில் பென் டிரைவில் அது இருந்ததை நானே கேட்டிருக்கிறேன், சினிமாப் பாட்டுக்கு நடுவில் திடீரென்று நாதஸ்வரத்தில் மல்லாரி. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் கோயிலும் வருசமும் இருந்தது, ஏனென்றால் கடையில் அப்படி எழுதித் தரச்சொல்லி மாமா ஒரு தாளில் நிரை நிரையாக எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை, எந்த மென்பொருளும் "இந்தக் கொம்பியூட்டருக்கு உரிமை இல்லை" என்று சொல்லவில்லை.

அப்படிச் சொல்கிறவையும் இருந்தன. பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் சொந்தச் சீடியைப் பதிந்தால்கூடப் பாதுகாப்புப் பூட்டோடு டபிள்யூஎம்ஏ ஆகிவிடும், தெரிந்தவர்கள் அந்த அடையாளத்தைத் தேடி எடுத்துவிடவேண்டும். விண்டோஸை அழித்துப் போட்டவர்களின் பாட்டு பூட்டுக்குள்ளேயே போனது. 2004இல் மைக்ரோசொஃப்ட் "எந்தப் பிளேயரிலும் ஓடும்" என்ற அர்த்தத்தில் ஒரு முத்திரை கொண்டுவந்து, 2006இல் தன் சொந்த சூன் பிளேயரை விட்டபோது அதில் அந்த முத்திரைப் பாட்டுகள் ஓடவில்லை. நம்மூரில் இணையக் கடையில் பாட்டு வாங்கியவர்கள் இல்லை, கிரெடிட் கார்ட்டே அபூர்வம், அதனால் அந்த அடி நமக்குப் படவில்லை. ஏழ்மை சில நேரம் காப்பாற்றும்.

பற்றரிக் கதையையும் முடித்துவிடுகிறேன். மாமா கடைசி வரைக்கும் தினமும் பாவித்தது ரவுணில் வாங்கிய, பெயர் தெரியாத ஒரு குட்டி எம்பி3 பிளேயர். ஒரு மெல்லிய ஏஏஏ பற்றரி போட்டால் போதும், சந்திக் கடையில் கிடைக்கும். யூஎஸ்பியில் குத்தினால் பென் டிரைவாகத் தெரியும், இழுத்துப் போட்டால் சரி, திருப்பி இழுத்தாலும் சரி. ஏ9 மூடி, பின்னேரமே ஊரடங்கு விழுந்த நாட்களில் அதுதான் அவர் காதில் இருந்தது. ஒரு பெட்டியைத் தேர்வு செய்யும்போது நான் கேட்கிற கேள்வி அதிலிருந்துதான் வந்தது: இது பழுதானால் உள்ளே இருப்பது எப்படி வெளியே வரும், அதை எடுக்க யார் உதவி வேணும்? மினிடிஸ்க்குக்கு லண்டன் டெக் வேண்டியிருந்தது. கனடாப் பெட்டிக்குத் திருப்புளி, அடப்டர், மாமியின் காது. குட்டிப் பிளேயர் பழுதானபோது ஒன்றுமே தேவைப்படவில்லை, அதில் இருந்தது எல்லாம் நாலு இடத்தில் ஏற்கனவே இருந்தது.

இப்போது செய்வது

ரொறன்ரோக் கசெற்றுகளை மறுபடி ஏற்றுகிறோம், இந்த முறை திருகாணியைத் திருகிக்கொண்டு. 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், மணித்தியாலத்துக்கு ஒரு கிகாபைற் அளவு. அதை ஃபிளாக்காகச் சுருக்குகிறோம். ஃபிளாக் 2001இலிருந்து இருக்கிறது, திறந்த மூலம், ஒரு பிட் கூட இழக்காது, கசெற் இரைச்சலால் பாதியாகக் குறையாவிட்டாலும் கணிசமாகக் குறையும். இரைச்சல் நீக்குகிற வித்தை எதையும் மூலக் கோப்பில் காட்டுவதில்லை. யாருக்காவது சுத்தமாக வேணுமென்றால் பிரதியில் செய்து கொள்ளட்டும்.

கேட்பதற்கு எம்பி3தான். ஃபிளாக்கே எல்லாருக்கும் கொடுக்கலாமே என்று பிரான்சில் இருந்து கேட்டார்கள். கொடுக்கலாம், ஆனால் இங்கே ஓட்டோவிலும் மினிபஸ்ஸிலும் இருக்கிற செற்றுகளில் பல எம்பி3யைத் தவிர வேறொன்றையும் தொடாது, பென் டிரைவும் ஃபாற்32 என்ற பழைய கோப்பு முறையில் இருக்கவேண்டும். எம்பி3யின் உரிமத் திட்டத்தையே ஃபிரவுன்ஹோஃபர் 2017 ஏப்ரலில் நிறுத்திவிட்டது, இப்போது அது யாருக்கும் சொந்தமில்லாத பொதுக் கிணறு. கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும், உள்ளே இருக்கிற தலைப்பைத் தமிழிலும் எழுதுகிறோம். சில செற்றுகள் தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறிகளாகக் காட்டும், அதைப் பார்த்து ட்ரைவர்மார் கோப்பு பழுதென்று அழித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கோப்புக்குள்ளும் கோயில், வருசம், வாசித்தவர்கள், யார் அடையாளம் சொன்னது என்று நாலு விபரம். மாமிக்கே சந்தேகம் என்றால் "மாமிக்குச் சந்தேகம்" என்றே எழுதுகிறோம்.

ஃபிளாக் கோப்புகள் இணுவிலில் ஒரு ஹாட் டிஸ்க்கிலும் லண்டனில் ஒன்றிலும் ரொறன்ரோவில் ஒன்றிலும். கலைஞர்களின் பிள்ளைகள் கண்டுபிடிக்கக்கூடிய தூரத்தில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி போகிறது, அவர்களைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றுவதில்லை.

ஒரே தலையிடி வட்ஸ்அப். பெரியப்பாமார் ஒரு போனில் பாட்டை ஓடவிட்டு மற்றப் போனை அதற்குப் பக்கத்தில் பிடித்து வொய்ஸ் நோட்டாகப் பதிந்து குடும்ப குரூப்பில் போடுகிறார்கள். பேச்சுக்காகச் சுருக்கிய ஒலியில் தவில் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவுதான் எல்லாருக்கும் கெதியாகப் பரவுகிறது. இப்போது குரூப்பின் மேலே ஒரு அறிவித்தல் குத்திவைத்திருக்கிறோம்: கோப்பை டொக்கியுமென்றாக அனுப்பவும், எப்படி என்று தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் போனைக் கொடுக்கவும்.